நாலு வீட்டுப் பூட்டு

ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வீட்டோ உரிமை உள்ள அந்த ஐந்து நாடுகளில் ஒன்றின் பிரதிநிதி தொலைக்காட்சியில் கையைத் தூக்கினாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரியும். எங்கோ ஒரு ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும். நிறுத்துங்கள் என்று உலகத்தில் பாதிக்கு மேல் சொல்லும். ஒரே ஒரு ஆள், இஸ்திரி கலையாத கோட்டோடு, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் கையைத் தூக்குவார். அவ்வளவுதான், தீர்மானம் செத்தது. "பாரு, எப்படித் தூக்கறான் பாரு! இவனுக்கு யாரு குடுத்தது இந்த உரிமைய?" என்று நான் கத்துவேன். என் மனைவி முருங்கைக்கீரையை ஆய்ந்தபடியே, "இன்னாங்க, டிவிக்குக் காது கேக்காதுங்க. பக்கத்து வூட்டுக்குத்தான் கேக்குது" என்பாள்.

கத்துவது என் பிழைப்பும்கூட. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். விதை யார் கையில், மருந்து யார் கையில், நம் போனுக்குள் ஓடுவது யார் கையில், தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் யார் கையில் என்று ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன். இதையெல்லாம் கையில் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு வேன் பிடித்தால் அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள், அந்த வேன் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் உலகம் போகும் என்பேன். பையன்கள் சிரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் இதே கச்சேரிதான். டீ ஆறிப்போய் ஆடை கட்டும், நான் விடமாட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது சொல்லவே வாய் கூசுகிறது.

ஏனென்றால் எங்கள் ஊர் ஏரியின் கதையை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சங்கராபுரத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கல்வராயன் மலையில் மழை பெய்தால் ஓடை வழியாக வந்து எங்கள் ஏரி நிறையும். ஏரி அரசாங்கத்துடையது. மதகின் மேல் இருக்கும் இரும்புச் சக்கரமும் அரசாங்கத்துடையது. அந்தச் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் சங்கிலியும் பூட்டுகளும் மட்டும் எங்களுடையவை. நாலு பூட்டு. ஊரில் நிலம் அதிகம் வைத்திருக்கும் நாலு வீடுகளுக்கு, எங்கள் வீடு உட்பட, ஆளுக்கொன்று. நாலும் திறந்தால்தான் சங்கிலி கழலும், சக்கரம் சுற்றும், தண்ணீர் வரும். ஒருவர் வரவில்லை என்றால் மற்ற மூவரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான்.

என் அப்பா காலத்தில் ஒரு வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் மதகைத் திறந்து தன் கரும்புக்குப் பாய்ச்சிக்கொண்டாராம். அதிலிருந்து வந்த ஏற்பாடு இது. புதுப் பூட்டு வாங்கினால் இரண்டு சாவி இருக்குமல்லவா, அதில் ஒன்றை ஊர் பார்க்க ஏரியில் வீசிவிட வேண்டும். மாற்றுச் சாவி என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று, சாவியை ஆள் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. அந்த வீட்டு ஆண்பிள்ளை நேரில் வந்து திறக்க வேண்டும். நாலு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாதபடி எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் நான் வியந்திருக்கிறேன். மற்ற வீடுகளைப் பற்றி அந்த ஏற்பாட்டில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது கண்ணில் பட்டதில்லை.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. இந்த நாலு வீட்டுக்கும் ஏரித் தண்ணீர் தேவையே இல்லை. எங்களுக்கெல்லாம் கிணறு இருக்கிறது, போர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. ஏரியில் தண்ணீர் தேங்கி நின்றால் எங்கள் கிணறுகளில் ஊற்று குறையாது. அதனால் மதகு மூடியிருப்பதுதான் எங்களுக்கு லாபம். திறந்தால் லாபம் கிணறு இல்லாதவர்களுக்கு. ஆக, தண்ணீர் வேண்டியவன் கையில் சாவி இல்லை, சாவி இருப்பவனுக்குத் தண்ணீர் வேண்டாம். இதையே ஐந்து நாடுகளை வைத்து எத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன் நான்!

எங்கள் வீட்டுச் சாவி அண்ணனிடம் இருந்தது. ஊரில் இருந்து விவசாயம் பார்ப்பவர் அவர்தான். மூட்டு ஆபரேஷனுக்காக அவரும் அண்ணியும் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டி வந்தபோது கள்ளக்குறிச்சிக்கு வந்து என் கையில் சாவியைக் கொடுத்தார்.

"தம்பி, பத்திரமா வெச்சிக்க. யாரு வந்து கெஞ்சினாலும் குடுத்துடாத. மத்த மூணு பேரும் சரின்னா நீ நேர்ல போய் நின்னு தொற. அவுங்க வாணான்னா நீயும் வாணான்னு சொல்லு. தனியா நின்னு பேர் வாங்கறேன்னு கெளம்பிடாத, உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

"இன்னா அண்ணே, நான் சின்னப் பையனா?" என்றேன்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பித்தளைச் சாவி, கொஞ்சம் கனம். அன்று முழுக்க அது பையில் இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தது. உலகத்தில் யாரிடமும் எந்தச் சாவியும் இருக்கக் கூடாது என்று பேசுகிற ஆளுக்கு ஒரு சாவி கையில் வந்ததும் மனசு இப்படிக் குளிர்ந்துபோயிற்று!

மறு வாரம் ஊரிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிக் கோடியில், சென்னையில் இருக்கும் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். ஊரில் சர்ச் இருக்கும் தெருவைச் சேர்ந்தவள். புருஷன் கேரளாவில் லோடு ஏற்றும் வேலை, பயிரெல்லாம் இவள் பாடு. பஸ்ஸில் வந்திருந்தாள். உட்கார் என்று நான் இரண்டு தடவை சொல்லியும் கதவோரமாகவே நின்றாள்.

"சார், கதிர் வந்து பால் புடிக்கற நேரம் சார். இப்ப ஒரு தண்ணி வுட்டா பொழச்சிக்கும். இல்லன்னா அத்தனையும் கருக்காதான், வெறும் பதரு. மூணு வூட்லயும் காலப் புடிக்காத கொறையா கேட்டுட்டேன் சார். ஒரே ஒரு நாள் தொறக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம விடிஞ்சா தொறந்து பொழுது சாய மூடிடுவாங்களாம். மறுநாள் மீன் ஏலம் எடுத்தவங்க வல போடறாங்களாம், அப்ப மதகு மூடியிருக்கணுமாம். நீங்க வந்து நின்னாப் போதும் சார்."

"இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம்? தண்ணி உன் உரிம. நீ கெஞ்சவே கூடாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இந்த வெள்ளாமையும் தப்புச்சுன்னா நெலத்த வேற ஆளுக்கு வுட்டுடுவேன்னு சொல்லிட்டாரு சார் மெட்ராஸ்காரரு. அப்புறம் எனக்கு இன்னா இருக்குது?"

நான் விட்டேனா? அவளை நிறுத்தி வைத்து, உலகம் முழுக்க இப்படித்தான், ஒரு சிலர் கையில்தான் எல்லாம், அவர்கள் மனது வைத்தால்தான் மற்றவர்களுக்குச் சோறு என்று ஒரு பாட்டம் பேசினேன். அவள் கடைசிப் பஸ்ஸை நினைத்துக்கொண்டு நின்றிருப்பாள். "ஆமா சார், ஆமா சார்" என்றாள். உள்ளேயிருந்து என் மனைவி வந்து, "நேரமாவுதுங்க, அவங்கள அனுப்புங்க" என்று சொல்லி ஒரு பையில் வாழைப்பழம் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மதகில் இருப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு விடிகாலை குளித்துவிட்டுச் சட்டை மாட்டும்போது கல்லூரி முதல்வர் போனில் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எங்கள் மாணவர்களின் சேவை முகாம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். "நீங்கதான் சார் காப்பாத்தணும். மலை ஊர்க்காரங்களும் வர்றாங்க, பெரிய கூட்டம். உங்கள விட்டா யாரு சார் இந்த சப்ஜெக்ட்ட பேச முடியும்?"

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சாய்த்துவிட்டது. கார் அனுப்புகிறேன் என்றார், சரி என்றேன். நாலு வீட்டில் மூத்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஒரு வேலை வந்துவிட்டது, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் என்றேன். "வாங்க, வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் அவர். அவருக்கு எப்படி இருக்கும் அவசரம்?

மதகைக் காலையில் திறந்தால்தான் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கடைமடையை எட்டும். மத்தியானம் திறந்தால் பாதி வழி. இது எனக்குத் தெரியும். வாய்க்காலில் விழுந்து புரண்டு வளர்ந்தவன் நான். தெரிந்தும்தான் காரில் ஏறினேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவி சட்டைப் பையில் இருந்தது.

மலையில் நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை. அவ்வளவு நன்றாக நான் எங்கும் பேசியதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குளிர்ந்த காற்று, எதிரே மாணவர்கள், பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மலை ஊர்ப் பெண்கள். எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து வரத் தாமதித்தால், இங்கே ஒருவன் பட்டினி கிடக்கிறான் என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெஞ்சில் கை வைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு. கை வைத்த இடத்தில் சாவி தட்டுப்பட்டது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு மாணவி கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன். இன்னொருவன் கேட்டான். அப்புறம் சாமைச் சோறு போட்டுச் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சால்வை, போட்டோ. போனில் சிக்னல் இல்லை. இல்லாதது ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது, சீ.

இறங்கும்போது பாதி மலையில் சிக்னல் வந்தது. போன் அதிர்ந்தது, நிற்கவே இல்லை. பெரும்பாலும் அவளுடைய நம்பர். டிரைவரை வேகமாகப் போகச் சொன்னேன். வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. கிணறு இல்லாத வீடுகளிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள், மண்வெட்டியோடு, வாய்க்காலை வெட்டிச் சீர் செய்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தார்கள். மற்ற மூன்று பூட்டும் திறந்து தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பூட்டு ஒன்றுதான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய பூட்டு, துரு ஏறியது, கடப்பாரையால் ஒரு போடு போட்டால் கையோடு வந்துவிடும். கடப்பாரை பக்கத்திலேயே கிடந்தது.

அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கார் நின்றதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் காரின் கதவைத் திறந்துவிட்டார். "சாருக்கு வேல இருந்திருக்கும்" என்றார் இன்னொருவர், எனக்காக அவரே ஒரு சாக்குச் சொல்லி. 

"ஏம்பா, ஒடச்சிருக்கலாம் இல்ல?" என்று கடப்பாரைக்குப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். என் குற்றத்தை அவர் தலையில் இறக்கப் பார்த்தேன் என்பது கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது.

"நாங்க ஒடைக்கறதா? நல்லா சொன்னீங்க சார். அப்புறம் நாங்க ஊர்ல இருக்கறதா வாணாவா?" என்று அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

பூட்டைத் திறந்து சங்கிலியைக் கழற்றினேன். சக்கரத்தைச் சுற்றினார்கள், தண்ணீர் புரண்டு வந்தது. வந்த தண்ணீர் முதலில் மதகை ஒட்டிய தலைமடையில், எங்கள் வயலில்தான் ஏறியது. காலையில்தான் எங்கள் ஆள் மோட்டார் போட்டுப் பாய்ச்சியிருந்தான், வயலில் ஏற்கெனவே தண்ணீர் நின்றது. அவள் வாய்க்கால் கரையில் தண்ணீரோடு கூடவே நடந்தாள். எங்கெங்கே மடை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் போனதோ அங்கெல்லாம் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துக்கொண்டே ஓடினாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மூத்த வீட்டுக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "சரி, மூடிடலாமா?"

"தண்ணி இன்னும் பாதி வாய்க்காலுக்கே போகல. நாளைக்கு ஒரு நாள் வுடலாமே" என்றேன்.

"பேசனது ஒரு நாள். மீன்காரன் காலைல வந்துகினு இருக்கான். உங்க அண்ணன் இருந்தா இப்டி பேச்சு மாறுவாரா? லேட்டா வந்தது நாங்களா?"

  கூட்டத்தில் யாராவது பேசுவார்கள் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பூட்டும் விழுந்தன. நாலாவதை என் கையாலேயே அமுக்கினேன். 

அறுவடைக்காலத்தில் ஊருக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மேல்மடைகளில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைமடையில் அவள் மெஷினைக் கூப்பிடவே இல்லை, வாடகைக்கும் கட்டாதாம். பயிருக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு கதிரைப் பிடுங்கி உருவினேன், அத்தனையும் கருக்கா, ஊதினால் பறந்தது. அவள் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"வாங்க சார். வெயில்ல நிக்கறீங்களே. டீ வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"என்னால போச்சும்மா" என்றேன்.

"ஐயையோ, அப்டிலாம் சொல்லாதீங்க சார். நீங்களாச்சும் வந்தீங்க. மெட்ராஸ்காரருகிட்ட அழுது பொரண்டு இன்னும் ஒரு போகத்துக்குத் தவண வாங்கிட்டேன். பாக்கலாம்."

அவள் மனதார இதைச் சொன்னாள் என்பதுதான் என்னை அறுத்தது. என் தாமதத்தையும் மழை தாமதிப்பதையும் அவள் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டாள். மழையிடம் யாராவது கோபித்துக்கொள்ள முடியுமா? வீடு வரும்வரை அவமானத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் தொலைக்காட்சியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். "இன்னா, இன்னிக்கு யாரும் கையத் தூக்கலியா?" என்று கேட்ட மனைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏரிக்கரைக் கோயிலில் நடந்த அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு நானே போனேன். அண்ணன் அப்போது வீடு திரும்பியிருந்தார், ஆனால் கோயில் வரைக்கும் நடக்க முடியாது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, இனி எங்கள் வீட்டுப் பூட்டு மதகில் இருக்காது, ஒரு வீட்டுக்காக ஊர் காத்திருப்பது அநியாயம், தண்ணீர் எல்லாருக்கும் பொது என்றேன். பேசிக்கொண்டே மற்ற மூன்று வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தேன். வெட்கப்படுவார்கள், ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சாவியையும் வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் பார்க்க மதகுக்கு நடந்து போய், இன்னும் என்னிடமே இருந்த சாவியால் பூட்டைக் கழற்றி, இரண்டையும் ஏரியில் வீசினேன். கை தட்டினார்கள்.

"படிச்சவரு சொல்றாரு, நியாயந்தான்" என்றார் மூத்த வீட்டுக்காரர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், திருவிழாவுக்கு மைக் செட் யாரிடம் சொல்வது என்று. மூன்று சாவிகளும் மடியை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணன் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"நீ பெரிய மகான்டா. இருந்த ஒரு புடியையும் வுட்டுட்டு கைய வீசிக்கினு வந்து நிக்கற. நான் இருந்திருந்தா கடைமடைக்காரங்க எங்கிட்ட அழுவாங்க, நான் மத்த மூணு பேருகிட்ட சண்ட போட்டு ரெண்டு நாளாச்சும் தண்ணி வாங்கிக் குடுப்பேன். நல்லவன்னு இல்லடா. நம்ம பூட்டு இருந்துச்சி, அதனால நம்ம பேச்சு எடுபட்டுச்சி. இப்ப நாலு பேரு கையில இருந்தத மூணு பேருக்கு எழுதிக் குடுத்துட்ட."

அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்த வருஷம் மலையில் நல்ல மழை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. போன வாரம் அவள் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள், நின்று நின்று கால் வலித்திருக்க வேண்டும்.

"பயிர் ஜோரா வந்திருக்கு சார். ஒரு தண்ணி கெடச்சா போதும், நெலம் என் கைய வுட்டுப் போவாது. மூத்த வூட்ல கேட்டா அந்த ரெண்டு வூட்ல கேளுங்கறாங்க. அங்க போனா மூத்தவரு சொல்லட்டும்ங்கறாங்க. அலஞ்சி அலஞ்சி ஓஞ்சிட்டேன். முன்னெல்லாம் யாரு இல்லன்னாலும் கடைசியா உங்க வூட்டுக்கு வந்து நிக்கலாம்னு ஒரு தைரியம் இருந்துச்சி சார்."

"நான் போய்ப் பேசிப் பாக்கறேம்மா" என்றேன்.

 அவள் கிண்டலுக்காக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"நீங்க இன்னா சொல்லி பேசுவீங்க சார்? உங்களுக்குத்தான் பூட்டு இல்லையே."